தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்: வீட்ல செஞ்சா நிஜமாவே மிச்சமாகுமா?

தீபாவளிக்கு யார் யாருக்கு ஸ்வீட் கொடுக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. சித்தப்பா வீடு, மாமா வீடு, ஹவுஸ் ஓனர், பழைய ரூம்மேட்ஸ், டீம்ல நாலு பேர்... சாதாரணமா 15 பெயர் வந்துடும்.

கடையில் நெய் ஸ்வீட் கிலோ 800 ரூபாய்னு வச்சுப்போம். ஆளுக்கு அரை கிலோன்னா 15 பேருக்கு 6,000 ரூபாய். 30,000 சம்பளம் வாங்குறவருக்கு இது ஐந்தில் ஒரு பங்கு. டிரஸ், ஊருக்கு டிக்கெட், பட்டாசு எல்லாம் தனி. அதனாலதான் பலர் இதை கிரெடிட் கார்டில் தேய்ச்சுட்டு, அடுத்த மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டுறாங்க. மீதிக்கு மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும்.

இப்போ வீட்டுக் கணக்கு. ஆளுக்கு 10 மா லாடு (சுமார் கால் கிலோ), 100 கிராம் இட்லிப் பொடி ஒரு பாட்டில். லாடு சாமான் 1,000, பொடி சாமான் 350, பாட்டில் 375, டப்பா 300, கேஸ் கரண்ட் 100. மொத்தம் 2,125 ரூபாய். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க. ஒண்ணு கவனிச்சீங்களா? பொடியை விட பாட்டில் விலை அதிகம்! வீட்ல சும்மா கிடக்கிற ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி வெயில்ல காய வச்சா அதுவும் மிச்சம்.

அப்போ 3,875 ரூபாய் லாபமா? அவசரப்படாதீங்க. 30,000 சம்பளத்தை 26 நாள், 8 மணி நேரம்னு வகுத்தா உங்க ஒரு மணி நேரம் 144 ரூபாய். ஆறு மணி நேர வேலைக்கு 864. ஆக மொத்தம் 2,989. கடையிலேயே ஆளுக்கு கால் கிலோ வாங்கியிருந்தா 3,000 தான்!

அதாவது, மிச்சத்துல பெரும்பகுதி "வீட்ல செஞ்சதால்" வரலை, அளவைக் குறைச்சதால் வருது. ஆனா கடை டப்பா கால் கிலோன்னா "இவ்ளோதானா?"ன்னு பார்ப்பாங்க. வீட்டு உருண்டையை யாரும் எடை போட மாட்டாங்க. அந்தத் தயக்கம் இல்லாம செலவைக் குறைக்க இதுதான் வழி. அதோட, அந்த 864 உங்க அக்கவுண்ட்ல இருந்து போற பணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துல ரீல்ஸ்தானே பார்க்கப் போறோம்!

மூணு பேருக்கு மட்டும்னா பேசாம கடைக்குப் போங்க. மூணு பேருக்கு வறுக்கிறதும் பதினஞ்சு பேருக்கு வறுக்கிறதும் நேரத்துல பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டம் கூடினால்தான் கணக்கு நமக்குச் சாதகம்.

மா லாடுக்குப் பாகு பதம் பார்க்கிற தலைவலி கிடையாது. பொட்டுக்கடலை அரை கிலோ, சர்க்கரை அரை கிலோ, ரெண்டையும் மிக்ஸியில நைசா அரைச்சு சலிச்சுக்கோங்க. ஏலக்காய், வறுத்த முந்திரி சேர்த்து, கால் கிலோ நெய்யைச் சூடா கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, கை பொறுக்கிற சூட்டுல பிடிங்க. 50 உருண்டை வரும், மூணு தடவை செஞ்சா போதும். பருப்பு வறுத்த பொடியை மட்டும் சூட்டோட பாட்டில்ல அடைக்காதீங்க. வியர்த்து கெட்டுப்போகும். தேங்காய் சேர்க்கிற எதுவும் வேண்டாம், சீக்கிரம் கெட்டுப்போகும்.

சுகர் இருக்கிற பெரியவங்களுக்குப் பொடி மட்டும் ரெண்டு பாட்டில் கொடுக்கலாம். முந்திரி இருக்குன்னு சொல்லியே கொடுங்க, சிலருக்கு ஒத்துக்காது. நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு அடுத்த வருஷம் விற்க ஆரம்பிச்சீங்கன்னா, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்துட்டு ஆரம்பிங்க.

அக்காவுக்குத் தலை தீபாவளின்னா இந்தக் கணக்கே வேண்டாம். அங்கே சீர் வரிசைதான், அதுக்கு முன்கூட்டியே தனியா ஒரு ஆர்.டி. போட்டு வச்சுக்கோங்க.