அறுத்துக்கொண்டு ஓடும் நாயும் நாம் படித்த பாடமும்



எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்துக்கு நாலு நாயாவது கண்ணில் படும். அதில் ஒன்றோ இரண்டோதான் சொந்தக்காரன் உள்ள நாய். மற்றதெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டவை. ரோட்டிலே லொறியில் கொண்டுவந்து விட்டுப்போன குட்டி, பக்கத்து டிவிசனிலிருந்து வழி தவறி வந்தது, இப்படி. சோறு வைத்தால் வாலாட்டும். கட்டினால் மறுநாளே அறுத்துக்கொண்டு போய்விடும். "இது நமக்குச் சரிவராது" என்று கைவிடுகிறோம். பிறகு அது கோழியைப் பிடிக்கும், பிள்ளையைத் துரத்தும். கடைசியில் யாராவது சோற்றிலே மருந்து வைப்பார்கள்.

இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான். நாமே ஒரு பிழை செய்து, அதிலிருந்து கற்றுக்கொண்ட விஷயம் என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

செவலை வந்த கதை

எமது பிரிவுத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா. கணவர் கொழும்பிலே கடையில் வேலை. மகன் ஆறாம் வகுப்பு, சின்ன மகள் பிள்ளை மடுவத்தில். ஒரு மழைக்காலத்தில் செந்நிற நாய் ஒன்று இவர்கள் இஸ்தோப்பிலே வந்து படுத்தது. எலும்பு தெரிந்தது. மகன் தன் ரொட்டியில் பாதியைப் போட்டான். செவலை என்று பெயரும் வைத்தான். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு ராத்திரியில் ஒரு காவல் கிடைத்ததே என்று அக்காவுக்கும் சந்தோஷம்.

பகலிலேதான் தொல்லை. எல்லோரும் போனபின் செவலை லயம் லயமாகச் சுற்றும். ஒருநாள் பக்கத்துக் காம்பராப் பாட்டியின் முட்டைக் கோழியைப் பிடித்துவிட்டது. பாட்டி போட்ட சத்தம் பிரட்டுக்களம் வரைக்கும் கேட்டது. "கட்டிப்போடு, இல்லாட்டி மருந்து வைப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

அக்கா கட்டினார். தென்னங்கயிறு, ஒரு மணித்தியாலத்தில் கடித்து அறுத்தது. நைலோன் கயிறு, மறுநாள் அதுவும் போச்சு. கடையில் வாங்கிய கழுத்துப் பட்டி, பின்னுக்கு இழுத்து இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போனது. நம்மிடம் வந்து, "ஐயா, இந்த நாயி எந்தக் கட்டுக்கும் அடங்க மாட்டேங்குதுங்க" என்றார்.

நாம் சொன்ன யோசனை என்ன தெரியுமா? "சங்கிலி வாங்குங்க, பட்டியை இறுக்கிப் போடுங்க, குட்டையாக் கட்டுங்க." போய்ப் பார்க்காமல், காரணம் கேட்காமல், ஒபிஸிலே உட்கார்ந்துகொண்டு சொன்ன யோசனை. இதுதான் நமது பிழை.

நாலாம் நாள் செவலை கட்டியிருந்த முளையையே பிடுங்கி, சங்கிலியோடு ஓடிவிட்டது. இரண்டு ராத்திரி காணோம். மூன்றாம் நாள் காலை கொழுந்துக்குப் போனவர்கள் மேல்மலையில் முனகல் சத்தம் கேட்டுப் பார்த்தார்கள். சங்கிலி தேயிலை மரத்துத் தூரில் மூன்று சுற்றுச் சுற்றி, அசைய முடியாமல் கிடந்தது. இறுக்கிப் போட்ட பட்டி கழுத்துத் தோலை அறுத்து, புண்ணிலே புழு வைத்திருந்தது. அந்தப் பையன் அழுத அழுகையை நாம் இன்னும் மறக்கவில்லை. அக்கா ஒரு நாள் பேரை விட்டு, நம்மோடு அரசாங்க மிருக வைத்தியரிடம் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கயிற்றைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள்

மிருக வைத்தியர் புண்ணைச் சுத்தம் செய்தபடியே கேட்டார்: "எத்தனை மணிக்கு அறுக்குது?" நம்மில் யாருக்கும் பதில் தெரியவில்லை. "கயித்தைப் பார்க்க வேணாம், நேரத்தைப் பாருங்க. நாய் ஓடுறதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்றார்.

புண் ஆறியபின் மகன் தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தான். இரண்டு கிழமையில் ஆறு தடவை கட்டை விட்டுத் தப்பியது. ஐந்து தடவை காலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில், அதாவது அம்மா பிரட்டுக்கும் தான் ஸ்கூலுக்கும் போன கையோடு. ஒரு தடவை இடி இடித்த ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவையும் இல்லை! தப்பிய நாட்களில் அது எங்கே போனது என்று விசாரித்தால், பாதி நாள் அக்கா கொழுந்து நிறுக்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அப்போதுதான் விளங்கியது. அது ஊர் சுற்ற ஓடவில்லை. ஒருமுறை கைவிடப்பட்ட நாய்க்கு, தனியாக விட்டுப் போகிறார்கள் என்ற பயம். கட்ட வேண்டியது கழுத்தை, ஆனால் ஆற்ற வேண்டியது அந்தப் பயத்தை.

எல்லா நாயும் இதே காரணத்துக்கு ஓடுவதில்லை. பசிக்கு ஓடும். நாள் முழுக்க ஒரே இடத்தில் கிடக்கும் சலிப்புக்கு ஓடும். இடி, வெடிச் சத்தத்துக்கு ஓடும். பொட்டை நாயின் பருவ காலத்தில் கடுவன் ஓடும். உங்கள் நாய் எதற்கு ஓடுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு கிழமை நேரத்தைக் குறித்தாலே பாதி விடை கிடைக்கும்.

கட்டும் முறை

நம் நாட்டு நாய்க்குக் கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே பருமன். அதனால் பட்டி தளர்ந்தால் உருவிக்கொள்ளும், இறுக்கினால் அறுக்கும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கக் கூடாது. குட்டி வளர வளரத் தளர்த்த வேண்டும்.

உருவும் நாய்க்கு மார்புப் பட்டி நல்லது. பழைய ஸ்கூல் பேக்கின் வார் போதும். ஒரு வளையம் கழுத்தடியில், இன்னொரு வளையம் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி. இரண்டையும் முதுகின் மேலே ஒரு வாராலும் நெஞ்சுக்குக் கீழே ஒரு வாராலும் இணைத்துத் தைக்க வேண்டும். அக்குளில் உரசாமல் பாருங்கள். கயிற்றை முதுகுப் பக்கத்து வாரில் கட்டினால் இழுப்பு நெஞ்சிலே விழும், கழுத்திலே விழாது.

சுருக்கு முடிச்சு ஒருநாளும் போட வேண்டாம். கயிற்று முனையில் சுழலும் கொளுக்கி இருந்தால் முறுக்கேறாது. நீளம் இரண்டு பாகமாவது வேண்டும். நிழலும் தண்ணீரும் எட்டும் இடமாக இருக்க வேண்டும்.

மலைநாட்டிலே இன்னொரு ஆபத்து உண்டு. நமது லயங்கள் மேட்டிலும் சரிவிலும் இருப்பவை. மேட்டு ஓரத்திலோ கான் ஓரத்திலோ கட்டினால், நாய் கீழே பாய்ந்து கழுத்துத் தொங்கிச் செத்துப்போகும். கயிறு முழுவதும் நீண்டாலும் ஓரத்தை எட்டாத இடத்தில் கட்டுங்கள்.

பழக்கும் முறை

செவலைக்கு நாம் செய்தது இதுதான். மொத்தம் ஏழு கிழமை எடுத்தது.

முதலாவது, மூன்று நாள் கட்டவே இல்லை. கட்டப்போகும் இடத்தில் சாக்கு விரித்து, சோற்றை அங்கேயே வைத்தோம். அந்த இடம் நல்ல இடம் என்று அதுக்குப் படவேண்டும்.

இரண்டாவது, சோறு தின்னும் நேரம் மட்டும் மார்புப் பட்டியைப் போட்டுக் கழற்றினோம்.

மூன்றாவது, பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஐந்து நிமிஷம் கட்டினோம். அமைதியாக இருக்கும்போது ஒரு துண்டு கருவாடு கொடுத்து அவிழ்த்தோம். ஊளையிடும்போது அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால், "கத்தினால் விடுவாங்க" என்று படித்துவிடும். அதற்காக ஊளையிடும்வரை வைத்திருக்கவும் கூடாது. அதற்கு முன்பே அவிழ்த்துவிட வேண்டும்.

நாலாவது, "இரு" என்று சொல்லி காம்பராவுக்குள் போய் உடனே திரும்பினோம். பிறகு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணித்தியாலம். அவசரப்பட்ட நாளெல்லாம் பின்னுக்குப் போனது. அப்போது பழைய அளவுக்கே திரும்பி மறுபடி தொடங்கினோம்.

ஐந்தாவது, கூப்பிட்டால் வரப் பழக்கினோம். "செவலை, வா!" என்று ஒரே சொல்லில் எல்லோரும் கூப்பிட வேண்டும். வந்தால் ஏதாவது கொடுக்க வேண்டும். ஓடிப்போய்த் திரும்பி வந்த நாயை அடிக்கவே கூடாது. ஓடினதுக்கு அடிக்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். வந்ததுக்கு அடிக்கிறார்கள் என்று அது நினைக்கும். பிறகு கூப்பிட்டால் வராது.

இதோடு பையன் காலையில் இருபது நிமிஷம் நாயைக் கயிற்றில் பிடித்து ரோட்டிலே நடத்திவிட்டு, அதன்பின் சோறு வைத்தான். நடந்து, வயிறு நிறைந்த நாய் தூங்கும்.

பகலில் யார் பார்ப்பது? இதற்கு வழி சொன்னவர் கோழி இழந்த பாட்டிதான். அக்கா முதலில் கோழிக்குப் பதில் ஒரு விடைக்கோழி வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்தப் பாட்டி பகல் முழுக்க இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவர். "என் கண்ணு முன்னாடி கட்டு புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்றார். மனுஷ முகம் தெரிந்ததும் நாயின் பயம் பாதி குறைந்தது. மருந்து வைப்பேன் என்றவரின் கையால் இன்று அது பகல் கஞ்சி குடிக்கிறது.

ஊசி போடாத நாயைச் சேர்க்க வேண்டாம்

மற்றதெல்லாம் பிந்தினாலும் இது பிந்தக் கூடாது. ஊர் பேர் தெரியாத நாயைப் பிள்ளைகள் தொடுவதற்கு முன், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ மிருக வைத்தியரிடமோ சொல்லி விசர் நோய்த் தடுப்பூசி போடுங்கள். ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிவதும் சொந்தக்காரரின் கடமை.

1973ஆம் ஆண்டு நம் நாட்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். இன்று அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாய்களுக்குப் போட்ட ஊசியும் மனிதருக்குக் கிடைத்த சிகிச்சையும்தான் முக்கிய காரணம். ஆனால் நோயின் குணம் தென்பட்ட பின் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, குட்டியாக இருந்தாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், கோப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்துக் கவனியுங்கள். எத்தனை நாள் என்று டொக்டர் சொல்வார்.

கருத்தடைச் சிகிச்சையையும் கேட்டுப் பாருங்கள். பொட்டை நாய் பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும், சுமார் இரண்டு மாதத்தில் குட்டி போடும். சிகிச்சை செய்த கடுவனின் அலைச்சலும் பெரும்பாலும் குறையும். நாயைத் தொட்ட பின் பிள்ளைகள் கை கழுவட்டும். பூச்சி மருந்தை மிருக வைத்தியர் சொல்கிறபடி கொடுங்கள்.

ராத்திரியும் கம்பிக் கண்ணியும்

மலைநாட்டுத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. வெளியே கட்டிய நாய் அதற்கு வைத்த சோறு மாதிரி. ராத்திரியில் இஸ்தோப்புக்குள் அடைத்து வையுங்கள். தப்பிய நாய்க்கு எமன் இன்னொன்று, பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அப்படியான கண்ணியில் சிக்கி, காப்பாற்ற முயன்றும் சில நாளில் இறந்துபோனது. சிறுத்தைக்கே அந்தக் கதி என்றால் நாய்க்கு என்ன? கண்ணியைக் கண்டால் தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

மருந்து வைப்பதைப் பற்றியும் ஒரு சொல். 2006ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைக் கொல்வதை அரசாங்கமே நிறுத்தியிருக்கிறது. சோற்றில் வைத்த மருந்துக்கு நாய் எது, மாடு எது, தவழும் பிள்ளை எது என்று தெரியாது.

செவலை இப்போது எப்படி இருக்கிறது? முழுக்கத் திருந்திவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். போன தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் பட்டியைக் கடித்துக்கொண்டு ஓடியது. ஆனால் பையன் கானோரம் நின்று "செவலை, வா!" என்றதும் தேயிலைக்குள்ளிருந்து வந்தது. யாரும் அடிக்கவில்லை. வரும் தீபாவளிக்கு அதை உள்ளே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

லயத்தில் கூடிப் பேச

1. நமது லயத்தில் எத்தனை நாய்? இந்த வருடம் ஊசி போட்டது எத்தனை?
2. அறுத்துக்கொண்டு ஓடும் நாய் எது? எத்தனை மணிக்கு ஓடுகிறது?
3. பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர்களில் யார் ஒரு கண் வைத்துக்கொள்ள முடியும்?
4. நாய் பிடித்த கோழிக்கு ஈடு கொடுப்பது பற்றி லயத்தார் ஒரு முடிவு எடுக்கலாமா?

பதில்களை எழுதி நம்மிடம் கொடுங்கள். இம்முறை ஒபிஸில் உட்கார்ந்து யோசனை சொல்ல மாட்டோம். நேரில் வந்து பார்ப்போம்.