காணொளியில் சட்டகங்களைச் சேர்த்தல்

வினாடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட பழைய குடும்பக் காணொளி ஒன்றின் முகப்பில், உறவினர் பெயர்களை 5 வினாடிகள் காட்ட விரும்பினால், 125 சட்டகங்கள் சேர்க்கப்படல் வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டணமற்ற மென்பொருள் இதற்குப் போதும். அதன் 'டிபேட்' வடிகட்டி வெற்றுச் சட்டகங்களை முன்னால் இணைக்கும். 'ஓவர்லே' அவற்றின்மீது தலைப்புப் படத்தைப் பதிக்கும்.

தலைப்பைப் படமாகவே ஆயத்தம் செய்க. நிரல்வழி நேரடியாகப் பொறித்தால், சில கருவிகளில் தமிழ்க் கொம்புகள் இடம் பெயரும். ஓபன்சிவியிலோ வினாக்குறிகளே தோன்றும். பாட்டியின் பெயரை அவ்வாறு காண எவர்தாம் விரும்புவர்?

ஒலியையும் 'அடிலே' வடிகட்டியால் 5000 மில்லிவினாடிகள் பின்தள்ளுக. தவறின், உதடு அசையுமுன்னரே பேச்சு கேட்கும்.

இவ்வாறு உருவாவது புதிய கோப்பு. படங்கள் மீளக் குறியாக்கம் பெறுவதோடு, ஒவ்வொரு நிகழ்வின் நேரமும் 5 வினாடி நகர்ந்துவிடும். குடும்ப நினைவுக்கு அதனால் குறையில்லை. ஆயின், அயல்வீட்டு இரைச்சல் குறித்தோ வாடகை வீட்டின் ஈரக்கசிவு குறித்தோ சான்றாக அளிக்கும் காணொளியில் ஒரு சட்டகமும் சேர்த்தல் ஆகாது. மூலக்கோப்பைத் தொடாது அளியுங்கள். விளக்கம் சேர்த்த படியை, 'படி' எனக் குறித்துத் தனியே இணையுங்கள்.