குணமான பின் எங்கே போவது?

ஒருவருக்குக் கால் முறிகிறது. மருத்துவமனையில் சேர்க்கிறோம். மாவுக்கட்டுப் போடுகிறார்கள். எலும்பு கூடியதும் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். "கால் முறிந்தவன் இனி மருத்துவமனையிலேயே இருக்கட்டும்" என்று யாரும் சொல்வதில்லை.

மனநோய் வந்தவருக்கு மட்டும் இப்படி நடக்கிறது. வாயால் சொல்வதில்லை. அழைத்துவரப் போகாமல் இருந்துவிடுகிறோம்.

பூட்டிய வார்டு

நம் நாட்டு மனநல மருத்துவமனைகளில் நோய் தணிந்த பிறகும் பல ஆண்டுகள் தங்கிவிட்டவர்கள் உண்டு. மருத்துவர் "வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதிவிடுகிறார். ஆனால் வீடு எங்கே? சேர்க்கும்போது கொடுத்த விலாசத்தில் ஆள் இல்லை. போட்ட கடிதம் திரும்பி வருகிறது. சிலருக்கு உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். "எங்களால் வைத்துக்கொள்ள முடியாது" என்கிறார்கள். சிலர் தெருவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். ரயிலேறி எங்கோ வந்துவிட்டவர்கள். சுற்றியுள்ளவர் பேசும் மொழியே அவர்களுக்குத் தெரியாது.

இப்படியே பத்து ஆண்டு, இருபது ஆண்டு போகிறது. எழுவதும் உண்பதும் படுப்பதும் பிறர் சொன்ன நேரத்தில். காசை எண்ணி எத்தனையோ காலமாகிறது. அடுப்பு மூட்டிப் பழக்கம் விட்டுப்போகிறது. கடைசியில் நாம் என்ன சொல்கிறோம்? "அவருக்கு ஒன்றும் தெரியாது, வெளியே விட்டால் என்ன செய்வார்?" என்கிறோம். அத்தனை காலம் பூட்டி வைத்தால் யாருக்குத்தான் மறக்காது?

ஏர்வாடித் தீ

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்துக்கொள்ளும் தனியார் விடுதிகள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட விடுதிகள் மூடப்பட்டன. ஆனால் ஒரு விடுதியை மூடினால் போதுமா? அங்கிருந்தவர் போய்ச் சேர ஓர் இடம் வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதில் மனநோயும் ஒருவகை இயலாமையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. மாற்றுத்திறனாளிக்கு ஊரோடு சேர்ந்து வாழ உரிமை உண்டு என்கிறது அச்சட்டம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். "குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, தங்க வீடு இல்லை, ஊரில் வசதி இல்லை" என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. வெளியே தங்கி வாழும் இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும். யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் இச்சட்டம் சொல்கிறது.

மனநல மருத்துவமனையில் இருந்தவர்களைப் பிச்சைக்காரர் இல்லத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் மாற்றும் வழக்கம் மகாராஷ்டிரத்தில் இருந்தது. அதை நிறுத்தும்படி 2021ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்கு மாற்றுவது விடுதலை ஆகாது.

நாலு பேர், ஒரு வீடு

சென்னையில் 'பேன்யன்' என்ற தொண்டு நிறுவனம் 1993ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. தெருவில் அலைந்த மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. குணமான பலரை அது வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வீடு இல்லாதவர்களை என்ன செய்வது? 2015ஆம் ஆண்டு ஒரு புதிய வழியைத் தொடங்கியது.

ஊருக்குள் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து குடியிருக்கிறார்கள். யாரோடு இருப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர் உண்டு. சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். முடிந்தவர்கள் வேலைக்கும் போகிறார்கள். மாத்திரை தவறாமல் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் தொடங்கிய இந்த முறை கேரளம், அசாம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களுக்கும் சென்றது.

சிலர் கேட்கலாம்

*பக்கத்து வீட்டில் குடிவைத்தால் நமக்கு ஆபத்து இல்லையா?*
மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்துவதில்லை. பிறரிடம் அடியும் ஏச்சும் வாங்குவது பெரும்பாலும் அவர்கள்தாம்.

*மறுபடி நோய் வந்தால்?*
வரலாம். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை ஏறுவதுபோல இதுவும் ஏறும், இறங்கும். மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் சில நாள் மருத்துவமனையில் சேர்க்கலாம். தணிந்ததும் திரும்ப அழைத்துவர வேண்டும்.

*நாங்கள் கூலிக்குப் போகிறவர்கள். பகலில் யார் பார்த்துக்கொள்வது?*
எங்கள் வளர்கல்வி மையத்தில் ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு. என் நாத்தனாரைக் கூட்டிட்டு வந்தா, நான் வேலைக்குப் போறதா, அவளைப் பார்க்கிறதா?" நியாயமான கேள்வி. எல்லாப் பாரத்தையும் ஒரு குடும்பத்தின் தலையில், அதிலும் பெண்களின் தலையில், வைக்க முடியாது. அதனால்தான் சட்டம் அரசுக்கும் பொறுப்பு வைத்திருக்கிறது. மாத்திரை, உதவித்தொகை, தங்கும் இல்லம் ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஊராரும் கொஞ்சம் தோள் கொடுக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. மருத்துவமனையில் உறவினர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். முகவரி மாறினால் தெரிவியுங்கள்.
2. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனை கேளுங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.
3. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எழுதப் படிக்கக் கற்றது இதற்கும் உதவும்.
4. வீட்டிலோ சொத்திலோ பங்கு மறுக்கப்பட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். வழக்கறிஞர் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.
5. திரும்பி வந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பட்டப்பெயர் வேண்டாம்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. ஏர்வாடித் தீவிபத்து நடந்த ஆண்டு ______.
2. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் ______ஆம் பிரிவு ஊரோடு வாழும் உரிமையைத் தருகிறது.

ஆ. விடை எழுதுங்கள்.
1. குணமானவர் மருத்துவமனையிலேயே தங்கிவிடுவது ஏன்? இரண்டு காரணங்கள் எழுதுங்கள்.
2. பல ஆண்டு பூட்டி வைப்பதால் ஒருவர் எவற்றை மறந்துபோகிறார்?

இ. கூடிப் பேசுங்கள்.
குணமான நால்வருக்கு உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்கிறார்கள். வீட்டுக்காரர் தயங்குகிறார். அவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?