பானையைத் தொடுமுன்

கடம் பழக வரும் பனமலைப் பிள்ளைகளுக்கு:

1. முதல் மாதம் பானையைத் தொடவேண்டாம். தகிட, தகதிமி, தகதகிட என்று வாயால் சொல்லுங்கள், கையால் தாளம் போடுங்கள். முதல் காலத்தில் சரியாக வந்தபின் இரண்டாம் காலம். நாக்கில் இடறுகிற சொல் விரலிலும் இடறும்.

2. கட வித்வான் விக்கு விநாயக்ராம் வாசித்ததைத் தினமும் கேளுங்கள். 1942-இல் பிறந்தவர். 1955-இல் தூத்துக்குடியில், ராமநவமிக் கச்சேரியில் வி.வி. சடகோபன் பாட்டுக்குச் சிறுவனாக வாசித்ததுதான் முதல் மேடை. அந்தக் காலத்தில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கக்காரர் விட்ட இடத்தில்தான் வாசிக்கலாம். விநாயக்ராம் அந்த மரியாதையை என்றுமே விட்டவரல்ல, ஆனால் கடத்தின் இடம் அவரால் மாறியது.

மைல்ஸ் டேவிஸோடு வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் அவர் உட்கார்ந்தார். 1976-இல் வந்த முதல் இசைத்தட்டில் ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம் உண்டு. அடுத்த இரண்டில் ராகவன் இல்லை. தபேலாவும் கடமும் நேருக்கு நேர். ஜாஸ் டிரம்மருக்குச் சுற்றிலும் எத்தனை டிரம், எத்தனை தட்டு! இவருக்கு மடியில் ஒரே பானை. அதன் வாயை வயிற்றோடு சேர்த்தால் கும்மென்ற கும்கி, கழுத்தில் தட்டினால் கணீர். அவர் வாசித்த ‘பிளானட் டிரம்’ 1992-இல் கிராமி விருது பெற்றது. 2014-இல் பத்மஸ்ரீ. நாற்பது வருடமாகக் கேட்கிறேன், இன்னும் எனக்குப் பிடிபடாத விரல்கள் அவை.

3. தண்ணீர்ப் பானையில் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடத்துக்கென்றே பிசைந்து, தட்டி, சுட்ட பானை வேண்டும். மானாமதுரைக் கடம் கனமானது, விரல் வலிக்கும், ஆனால் நாதம் நிற்கும். ஒரு கடத்துக்கு ஒரு சுருதிதான்.

4. நம் மலைமேல் தாளகிரீசுவரர் கோயிலுக்கு ஏறிப் போய் அங்கே ஓவியத்தில் இருக்கும் பார்வதியைப் பாருங்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில், ஆயிரத்து முந்நூறு ஆண்டு ஓவியம். காலை மடக்கி, தலை சாய்த்து, சிவன் ஆடுவதைப் பார்த்து நிற்கிறாள். ஆடியவர் பெரும்பாலும் அழிந்துபோனார். பார்த்தவள் இருக்கிறாள். பக்கம் வாசிப்பவன் பாடகரை அப்படிப் பார்க்கவேண்டும். இருபது வயதில் ஒரு கச்சேரியில், பாடகர் மூச்சு வாங்குவதைக் கவனிக்காமல் என் கோர்வையிலேயே குறியாக இருந்தேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பார்வை இன்னும் வலிக்கிறது.

5. தனியாவர்த்தனத்தில் உங்கள் முறை வரும்போது, மிருதங்கம் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். சொந்தச் சரக்கு அப்புறம். முறைகள் குறுகிக்கொண்டே வரும் குறைப்பில் எண்ணிக்கை தவறினால் முழிக்காமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த சமத்தில் சேருங்கள்.

6. வெறும் தரையில் கடத்தை வைக்காதீர்கள். பழைய புடவையைச் சுருட்டிச் சும்மாடு செய்து அதன்மேல் வையுங்கள். விநாயக்ராமின் அந்த முதல் மேடையிலேயே கடம் உடைந்தது என்பார்கள். உடைந்தால் அழலாம், தப்பில்லை. ஆனால் மறுநாள் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரைக்குப் பழக வந்துவிடுங்கள். பானை இல்லாவிட்டாலும் சொல்கட்டு இருக்கிறது.