ட்ரவுட் பிடிக்க ஏற்ற பருவம்

அரசலாற்றில் மண்புழு கோத்துக் கெண்டையும் கெளிறும் பிடித்துப் பழகியவன் நான். உதகைப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீனைச் செயற்கை ஈயால் பிடித்துப் பார்க்க ஆசை. மேட்டூர் திறக்கும் ஜூன் மாதத்தில் போகலாமா?
— ஒரு வாசகர், தாராசுரம்

ஜூனில் வேண்டாம், அன்பரே. மேட்டூர் திறந்தால் அரசலாற்றங்கரையில் நமக்கு உற்சாகம் பிறப்பது வாஸ்தவமே. ஆனால் அதே சமயத்தில் தென்மேற்குப் பருவமழை, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததுபோல் நீலகிரியின் மேற்குப் பகுதியில் கொட்டித் தீர்த்து, ஓடைகளையெல்லாம் கலங்கலாக்கிவிடுமாதலால், கண்ணால் கண்டே இரைகொள்ளும் சுபாவமுடைய ட்ரவுட்டுக்குத் தங்கள் இறகு ஈ புலப்படவே புலப்படாது.

வில்சன் என்னும் ஆங்கிலேயரின் முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் கண்ட இந்த அந்நிய தேசத்து மீன், பிராணவாயு நிறைந்த குளிர்ந்த ஜலத்தையே ஜீவாதாரமாகக் கொண்டது; நீரின் உஷ்ணம் 20 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். ஆகவே இரு பருவமழைகளும் ஓய்ந்து, அடியிலுள்ள கூழாங்கல் தெரியுமளவு நீர் தெளிந்து, அதே சமயம் குளிர்ச்சியும் குன்றாதிருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே உத்தமம்.

ட்ரவுட், பாறைக்குப் பின்னே நீர் சுழிக்கும் இடத்தில், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். தாங்கள் கீழிருந்து மேல்நோக்கி ஓசையின்றி அணுகி, சுழிப்புக்கு இரண்டு முழம் மேலே ஈயை விழச் செய்து, நீரோட்டமே அதைக் கொண்டுசேர்க்கும்படி விடுங்கள். நூல் விறைத்து ஈ இழுபட்டால் மீன் தொடாது. தக்கையும் ஈயக்குண்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

எந்த ஓடையில் தூண்டில் போடலாம் என்பதை உதகை மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் முன்கூட்டியே விசாரித்து, அனுமதிச் சீட்டைக் கையில் பெற்றுக்கொண்டே புறப்படுங்கள்.