ராஜா வாய்க்காலுக்கு எந்தச் சட்டம் காவல்?

கேள்வி: மத்திய அரசின் ஈரநில விதிகளில் எங்கள் ராஜா வாய்க்காலும் ஊர் ஓடைகளும் சேருமா?
– வாசகர், ஜேடர்பாளையம்

பதில்: வாய்க்கால் சேராது. 2010 விதிகளை மாற்றி 2017-இல் வந்த ஈரநில விதிகள், ஆற்றின் நீரோட்டப் பாதை, நெல்வயல், பாசனத்துக்கென்றே மனிதர் வெட்டிய நீர்நிலை ஆகியவற்றை வெளியே நிறுத்திவிட்டன. ஜேடர்பாளையம் படுகை அணையில் காவிரியிலிருந்து பிரிந்து, பரமத்தி வேலூர்ப் பக்கத்து வாழைக்கும் வெற்றிலைக்கும் உயிர்கொடுக்கும் வாய்க்கால் இது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாக ஊரே போற்றுகிறது. மனிதர் வெட்டியது என்பதற்காகவே அதற்குக் காவல் மறுப்பது நியாயமல்ல; தமிழகத்தின் பெரும்பாலான ஏரிகளும் அப்படி உருவானவைதாமே!

ஓடைக்கும் தனிக்காவல் இல்லை. 2007-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளை மட்டும் அளந்து எல்லை குறிக்கவும், அவற்றின் ஆக்கிரமிப்பை அகற்றவும் சொல்கிறது, அவ்வளவுதான். ஓடைப் புறம்போக்கை யாராவது வளைத்தால் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், கழிவுநீர் கலந்தால் 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் என்று தனித்தனியாக ஓட வேண்டியிருக்கிறது.

காவல் கிடைத்த ஈரநிலத்தின் நிலையோ வேறு: சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி பெற்றது. 2025-இல் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குப் புதிய கட்டட அனுமதி வழங்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. கரையை ஒட்டிய நிலத்துக்கும் வரம்பு வகுக்கும் இத்தகைய விதிதான் வாய்க்கால்களுக்கும் தேவை. அதுவரை, கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து ஓடையின் அகலத்தைத் தெரிந்துகொண்டு, எல்லைக்கல் நடக் கோரிக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம்.