புள்ளி தப்பாத கோலம்: இங்க்ஸ்கேப்பில் அலைன்மென்ட் பாடம்

படம் வரையும் சாப்ட்வேர்களில் உள்ள அலைன் வசதி வெறும் அழகுக்காகத்தான் என்று பலரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்மாவின் கோல நோட்டை கம்ப்யூட்டருக்குக் கொண்டு வர முயன்றபோதுதான் உண்மை தெரிந்தது.

மதுரை திருநகரில் எங்கள் வீடு. திருமணமான நாள் முதல் அம்மா கோலங்களை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது அவருக்கு 78 வயது. கை நடுங்குவதால் புள்ளி வைக்க முடிவதில்லை. நோட்டையும் பூச்சி அரித்துவிட்டது. சில பக்கங்களில் கோடு மங்கிப்போய், ஓரத்தில் "15-8 இடைப்புள்ளி" என்ற குறிப்பு மட்டும் மிச்சம். அந்தக் கோலங்கள் வேறு எங்கும் இல்லை.

இங்க்ஸ்கேப்பில் கண்ணால் பார்த்தே 169 புள்ளிகளை வைத்து, மேலே கோடுகளைப் போட்டு, பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அம்மா விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். "ஒன்பதாவது வரிசையில புள்ளி தள்ளிப் போயிருக்குப்பா. இங்க பூ விரியாது" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஒவ்வொரு புள்ளியிலும் அரை மி.மீ. தவறினாலும், பதினைந்தாவது புள்ளிக்குப் போவதற்குள் அது பெரிய விலகலாகிவிடுகிறது.

கோலத்தில் இருக்கும் இந்த ஒழுங்கு புதிய கண்டுபிடிப்பல்ல. 1974லேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலங்களை கம்ப்யூட்டர் இலக்கண விதிகளாக எழுதலாம் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிரோமணி தம்பதியர் தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றியவர்கள். விதி இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டருக்கு வேலை சுலபம். எப்படி என்று பார்ப்போம்.

அலைன் வேறு, டிஸ்ட்ரிப்யூட் வேறு

இங்க்ஸ்கேப் இலவச சாப்ட்வேர். 2003ல் தொடங்கியது. இதில் ஆப்ஜெக்ட் மெனுவில் அலைன் அண்ட் டிஸ்ட்ரிப்யூட் என்பதைக் கிளிக் செய்திடவும். ஷிப்ட்+கன்ட்ரோல்+ஏ அழுத்தினாலும் இந்த விண்டோ கிடைக்கும். அலைன் என்பது பொருட்களை ஒரே கோட்டில் நிறுத்துவது. டிஸ்ட்ரிப்யூட் என்பது அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைச் சமமாகப் பங்கிடுவது. கோலத்திற்கு இரண்டும் வேண்டும்.

இதில் ரிலேடிவ் டு என்ற பெட்டி மிக முக்கியம். எதை அடிப்படையாக வைத்து நிறுத்துவது என்று இங்குதான் சொல்கிறோம். கடைசியாகத் தேர்ந்தெடுத்தது, முதலில் தேர்ந்தெடுத்தது, பெரிய பொருள், பக்கம் எனப் பல உண்டு. இதைக் கவனிக்காமல் பட்டனை அழுத்திவிட்டு, "எல்லாம் ஓடிவிட்டதே" என்று பதறுபவர்களே அதிகம். அப்படி நேர்ந்தால் கன்ட்ரோல்+இசட் இருக்கிறது.

முதல் வரிசை: 15 புள்ளி

1. எஃப்5 அழுத்தி வட்டம் டூலை எடுக்கவும். கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி 2 மி.மீ. அளவில் ஒரு புள்ளியை, பக்கத்தின் நடு உயரத்தில், இடது ஓரமாக வரையவும். பின் எஃப்1 அழுத்தி செலக்ட் டூலுக்கு வரவும். மேலே உள்ள பாரில் அலகு மி.மீ. ஆக இருக்கட்டும்.

2. கன்ட்ரோல்+டி 14 முறை. காப்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாகவே இருக்கும், பயப்பட வேண்டாம்.

3. கடைசி காப்பி செலக்ட் ஆகியே இருக்கும். எக்ஸ் கட்டத்தில் உள்ள எண்ணுடன் 140 கூட்டி எண்டர் தட்டவும். அது வலது ஓரம் போய்விடும்.

4. கன்ட்ரோல்+ஏ கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவும். டிஸ்ட்ரிப்யூட் பகுதியில், மையங்களைக் கிடைமட்டமாகச் சம தூரத்தில் வைக்கும் பட்டனை அழுத்தவும். மவுஸை மேலே வைத்தால் பட்டனின் பெயர் தெரியும். 15 புள்ளிகளும் 10 மி.மீ. இடைவெளியில் நின்றுவிடும். கன்ட்ரோல்+ஜி கொடுத்து குரூப் ஆக்கவும்.

மேல் வரிசைகள்

வரிசையை கன்ட்ரோல்+டி கொடுத்து காப்பி எடுக்கவும். ஒய் கட்டத்தில் உள்ள எண்ணிலிருந்து 8.66 கழிக்கவும். வரிசை மேலே ஏறும். அதில் டபுள் கிளிக் செய்து உள்ளே போய், கடைசிப் புள்ளியை டெலீட் செய்திடவும். காலியிடத்தில் டபுள் கிளிக் செய்து வெளியே வரவும். இப்போது 14 புள்ளி. இதைக் காப்பி எடுத்து இதேபோல் செய்தால் 13. இப்படியே 8 வரை செல்லவும். (பழைய 0.92 பதிப்பு வைத்திருப்பவர்கள் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். 1.0 பதிப்பில்தான் ஒய் எண் மேலிருந்து கீழாகக் கூடும்படி மாற்றினார்கள்.)

அது என்ன 8.66? பக்கத்துப் புள்ளிகள் மூன்றும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டுமானால், வரிசைகளின் தூரம் புள்ளி இடைவெளியைப் போல 0.866 மடங்கு இருக்க வேண்டும். 10 மி.மீ.க்கு 8.66.

இப்போது எல்லா வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, ரிலேடிவ் டு பெட்டியில் பிக்கஸ்ட் ஆப்ஜெக்ட் என்று வைத்து, சென்டர் ஆன் வெர்டிகல் ஆக்சிஸ் பட்டனை அழுத்தவும். ஒரு புள்ளி குறைந்த வரிசை தானாக அரைப் புள்ளி தள்ளி நிற்கும். இதுதான் இடைப்புள்ளி! வரிசைக்கு இரண்டு புள்ளி குறைத்து, வரிசைத் தூரத்தையும் 10 என்று வைத்தால் அதே பட்டன் நேர்ப்புள்ளி தரும்.

மேலே உள்ள 7 வரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+டி. பின் வி கீயை அழுத்தினால் தலைகீழாகும். ஒய் எண்ணுடன் 69.28 கூட்டவும் (0.92ல் கழிக்கவும்). கீழ்ப் பாதி ரெடி.

மங்கிய கோட்டை மீட்பது

புள்ளிகளைத் தனி லேயரில் வைத்து லாக் செய்திடவும். நோட்டின் பக்கத்தை மொபைலில் படமெடுத்து, புள்ளிகளுக்குக் கீழே இன்னொரு லேயரில் வைத்து, ஒபாசிட்டியைக் குறைக்கவும். மொபைல் நோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்தால் படமும் சாயும். 15 புள்ளி வரிசையின் இரு முனைகள், 8 புள்ளி வரிசையின் ஒரு முனை, இந்த மூன்றும் பொருந்தும்படி படத்தை நகர்த்தவும். கையால் வைத்த புள்ளிகள் மற்ற இடங்களில் சற்று விலகித்தான் இருக்கும். அங்கே போட்டோவை நம்பாதீர்கள். புள்ளிக் கணக்கை நம்புங்கள். அம்மாவின் நோட்டில் பாதி இதழ் மட்டுமே தெரிந்த பக்கத்தில், புள்ளி சரியாக விழுந்தவுடன் மறுபாதி எங்கே போகும் என்பது தானாகத் தெரிந்தது.

கோடு போடும்போது % கீ அழுத்தி ஸ்னாப் வசதியை ஆன் செய்து கொள்ளவும். 2022 மே மாதம் வந்த 1.2 பதிப்பில் இதற்கு ஒரு நல்ல கூடுதல் வசதி தந்தார்கள். ஒரு பொருளை இழுக்கும்போதே, அது மற்றப் பொருட்களின் ஓரம் அல்லது மையத்தோடு நேராகும் இடத்தில் வழிகாட்டிக் கோடு தோன்றும். விண்டோவைத் திறக்காமலே நேராக நிறுத்தலாம். ஆனால் 169 புள்ளிகளுக்கு இது போதாது. நான்கைந்து பெட்டிகள் உள்ள பாடக் குறிப்புப் படங்களுக்குப் போதும். பவர்பாயின்ட்டிலும் லிப்ரே ஆபீஸ் டிராவிலும்கூட அலைன், டிஸ்ட்ரிப்யூட் இரண்டும் உண்டு.

பிரின்ட் எடுக்கும் முன்

கடையில் ஃபிட் டு பேஜ் என்று கொடுத்துவிட்டதால் எனக்கு ஒரு பிரின்ட் வீணாயிற்று. அளவு 100 சதவீதம் என்று சொல்லி வாங்கவும். முதல் புள்ளியின் மையத்திலிருந்து கடைசிப் புள்ளியின் மையம் வரை ஸ்கேலில் சரியாக 140 மி.மீ. இருக்க வேண்டும்.

இரண்டாவது பிரின்ட்டை அம்மாவிடம் கொடுத்தேன். ஒன்பதாவது வரிசையில் விரல் சற்று நின்று, பின் நிற்காமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. "அடுத்த பக்கத்தை எடு" என்றார்.

புதிதாக முயல்பவர்கள் 7-4 இடைப்புள்ளியில் தொடங்குங்கள். மொத்தம் 37 புள்ளி வர வேண்டும். எண்ணிப் பார்த்து, சரியாக இருந்தால் வீட்டில் இருக்கும் கோல நோட்டைத் தேடி எடுங்கள். பூச்சி நமக்காகக் காத்திருக்காது.